நாலாவது மதகு

ஜூன் 3, செவ்வாய்
மழையளவையும் மதகுத் திறப்பையும் கொடுத்தால், ஏரித் தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் கரையைத் தாண்டும் என்று நான் கணினியில் எழுதிய பைத்தான் நிரல் சொல்லும். மேலதிகாரி இன்று பதினேழு முறை கேட்டார்: "தொண்ணூறு மில்லிமீட்டர்னா? சரி, தொண்ணூத்தஞ்சுனா?" ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டி... நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்?

ஜூன் 5
திரையில் மழைக்கும் மதகுக்கும் ஸ்லைடர் வைத்துவிட்டேன். இழுத்தால் எண் மாறும், படம் தானே நகரும். அவரே இழுத்துக்கொள்ளட்டும்.
ஆனால் திரையில் மதகு முழுசாக மூடிக் கிடக்கிறது, இல்லையென்றால் முழுசாகத் திறக்கிறது. நடுவில் நிற்க மாட்டேன் என்கிறது. ஸ்லைடரின் எல்லையை 0, 1 என்று முழு எண்ணாகக் கொடுத்தது தப்பாம், 0.0, 1.0 என்று கொடுக்கணுமாம். ஒரு புள்ளிக்கு அரை நாள்!

ஜூன் 6
அவர் இழுத்த இழுப்பில் கணினி உறைந்துவிட்டது. கையை எடுத்த பிறகே கணக்கிடும்படி மாற்றினேன். "இப்ப ஏம்மா மெதுவா இருக்கு?" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன் — மனசுக்குள்.

ஜூன் 9
கையெழுத்துப் போட வந்த மதகுக்கார அண்ணன் தானும் இழுத்துப் பார்த்தார்.
"நாலும் முழுசா தொறக்குற மாதிரி போட்டிருக்கியேம்மா. நாலாவது கால்வாசிக்கு மேல நகராது. ரெண்டு வருஷமா எழுதிக் குடுத்துட்டுத்தான் இருக்கேன்."
அதுதான் இருப்பதிலேயே பெரிய மதகு. ஏன் யாரும் சொல்லவில்லை? நான் ஏன் கேட்கவில்லை?

ஜூன் 10
நாலாவதுக்குத் தனி ஸ்லைடர். கால்வாசியில் நிறுத்தினேன். தண்ணீர் கரை தாண்ட ஒன்பது மணி நேரம் என்று காட்டியது நாலாகிவிட்டது. கரைக்குக் கீழே நூற்றிருபது வீடு.
"அத எடுத்துடும்மா. வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டத்துல எதுக்கு ஜனங்கள பயமுறுத்தணும்?" என்றார் மேலதிகாரி.
எடுக்கவா? வேலை போச்சுன்னா? — எடுக்க மாட்டேன். போங்கய்யா!

ஜூன் 13
கூட்டம். கரையடித் தெரு ஆசிரியை, "நான் இழுக்கலாமா?" என்று முன்னால் வந்தார். நாலாவதைக் கால்வாசிக்கு இறக்கினார். ஒன்பது மணி நேரம் நாலுக்கு இறங்கியது.
"இதுல எது நெஜம்?"
மேலதிகாரி என்னை முறைத்தார்.
"இப்ப வச்சிருக்கீங்களே, அதுதான்" என்றேன்.

ஜூன் 14
இன்று மேலதிகாரி என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நிம்மதி.

ஜூன் 27
மெக்கானிக்குகள் நாலாவதைப் பாதிவரை திறக்க வைத்துவிட்டார்கள். கணக்கு இப்போது ஆறரை மணி நேரம் காட்டுகிறது. மீதிக்கு உதிரி பாகம் வரணுமாம். எப்போது என்றால் ஆளாளுக்குக் கையை விரிக்கிறார்கள்.
கரையடித் தெருவில் அபாயச் சங்கு பொருத்தியிருக்கிறார்கள். எவ்வளவு மழைக்கு ஊதணும் என்று ஆசிரியை போனில் கேட்டார். மேலதிகாரியைக் கேளுங்கள் என்று சொல்லவில்லை. நானே சொன்னேன்.