அம்மா துடைத்த கறை

அன்பு மகள் பூங்குழலிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், படிக்கப் போன அந்த நாட்டுக் குளிரில் நீயும் அப்படியே இருக்க மாரியாத்தாள் துணை. பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாய். பார்சல் வராது கண்ணு, இந்தக் காகிதம்தான் வரும். நீ பரண்மேல் பெட்டியில் வைத்துவிட்டுப் போன முப்பத்தாறு கண்ணாடிச் சில்லுகளையும் நான் கழுவிவிட்டேன். பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன் வீட்டை ஒழித்தபோது பெட்டி கையில் வந்தது, ஒவ்வொன்றிலும் வெள்ளையாய்க் கறை. பதினெட்டு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள், கறையைக் கண்டால் கை சும்மா இருக்குமா? சோப்புப் போட்டுத் தேய்த்து, நீ கிணற்றுப் பெயர் எழுதி ஒட்டிய சீட்டையும் சுரண்டி, பளபளவென்று அடுக்கி, அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பூங்குழலியோட ரெண்டு வருசத்து ஒழப்பு புள்ள அது" என்றார். கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்து, பனியனில் படம் அச்சடிக்கிற பிரிண்டிங் பசையில் கலந்து கண்ணாடியில் சொட்டு வைத்துக் காயவிட்டால், கிணற்றில் இறங்கிய சாயத்தண்ணீர் உப்பு இலை இலையாகப் படரும், கிணற்றுக்குக் கிணறு வேறு படம் என்று எனக்கும்தான் காட்டினாய். லென்ஸில் அது இலை, வெறும் கண்ணுக்குக் கறை.

மறுநாளே அப்பா மறுபடி தண்ணீர் எடுக்கக் கேனோடு கிணறு கிணறாக அலைந்தார். ஐப்பசி மழையில் கிணற்றுத் தண்ணீரெல்லாம் மாறிவிட்டது, வாய்க்கால்மேட்டுக் கிணற்றை மண் போட்டு மூடி குடோன் கட்டுகிறார்கள். உனக்குப் பசை கொடுத்த சந்தனம் மாஸ்டரும் இப்போது வேறு பசைதான் வாங்குகிறாராம். கிடைத்த தண்ணீரை அந்தப் பசையில் கலந்து சொட்டு வைத்தோம், தோலாக உரிந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில், உன் காலேஜ் மேடத்துக்குப் போட்டோ போதாதாம், கண்ணாடிகளே வேண்டுமாம், இல்லாவிட்டால் படிப்பே நின்றுவிடும் என்றபோது, கழுவியதைச் சொல்லாமல் சரி கண்ணு என்று வைத்துவிட்டேன். வழி பிறக்கும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் கோபம்தான் வருகிறது. ஒரு வழியும் இல்லை.

நேற்று அந்தச் சில்லுகளை மடியில் வைத்து அழுதேன். ஒன்றில் கண்ணீர் விழுந்து காய்ந்திருந்தது. காலையில் உன் லென்ஸை வைத்துப் பார்த்தால், அதிலும் இலை. உனக்கு எதற்கும் ஆகாது. ஆனாலும் அதைத் துடைக்கக் கை வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நன்றாக இருக்க வேண்டும், என்ன ஆனாலும். மேடத்திடம் தொலைந்துபோய்விட்டது என்று எனக்காகப் பொய் சொல்லாதே. அம்மா கழுவிவிட்டாள் என்றே சொல்.

இப்படிக்கு
உன் அம்மா பழனாத்தாள்
முதலிபாளையம்