கருவாட்டின் மேல் போட்ட பழி

அன்பு மகன் டிலோஜன் அறிய, கீரிக் கிராமத்திலிருந்து அப்பா. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமென்றுதான் போனில் சொல்கிறாய், நான் நம்பவில்லை. போனில் கேட்கலாமென்றால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள், அதனால்தான் எழுதுகிறேன். கனடாவில் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுமளவுக்கு நீ வாந்தியும் சத்தியுமாய் எடுத்ததற்கு அம்மா அனுப்பின பாரைக் கருவாடுதான் காரணம் என்றாய் அல்லவா, நல்ல பிள்ளை. அதைக் கேட்டவள் உன் சத்தி நிற்கும்வரை குசினிக்குள் மீன் வராது என்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். பாஸ்குப் பெருநாள் வந்தும் போய்விட்டது, எங்கள் வீட்டில் மட்டும் தவக்காலம் முடியவில்லை. பிடித்த மீனையெல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டு வந்து பருப்பும் பூசணிக்காயும் தின்கிறேன். பக்கத்து வீட்டு நசீறா மீன் பொரிக்கிற மணம் வேலியால் வரும்போது உன்னைத்தான் நினைக்கிறேன், ஆசீர்வதிக்க அல்ல.

நசீறாவின் மகள் பஸ்மினா இப்போது டாக்டர். விடிய எழும்பினால் உனக்கு வயிற்றைப் பிரட்டுவதையும் சுடுதண்ணிக்குள் நின்றால் மட்டும் ஆறுவதையும் அவளிடம் சொன்னேன். சின்னனில் குளிக்கக் கூப்பிட்டால் ஒளிக்கிறவன் இப்போது நாள் முழுக்கக் குளிக்கிறான் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மகன் கஞ்சா பாவிக்கிறவரோ என்று கேட்டாள். இந்தக் கரையில் நேவி மூட்டை மூட்டையாகப் பிடிக்கிற சாமானை நீ அங்கே பாண் வாங்குகிற மாதிரிக் கடையில் வாங்குவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன்னோடு அறையில் இருக்கிற கொலின்சிடம் கேட்டேன். வருசக்கணக்காய், தினமும் என்றான். அவனோடு கோவிக்காதே. சத்தியை நிற்பாட்டத்தான் இன்னும் கூடப் பாவிக்கிறாயாம். அதைப் போய் பஸ்மினாவிடம் சொன்னேன். கொஞ்சம் பாவித்தால் சிலருக்குக் குமட்டல் அடங்குமாம், கன காலம் தினமும் பாவித்தால் சிலருக்கு அதுவே குடலைக் குழப்பிச் சத்தியைக் கொண்டுவருமாம். குறைத்தால் காணாது, முழுதாக விட வேணும், விட்டாலும் சுகமாகக் கொஞ்சக் காலம் எடுக்கும் என்றாள். இப்படியே சத்தி எடுத்து உடம்பில் தண்ணீர் வற்றினால் சிறுநீரகமும் பழுதாகலாமாம். அதற்குப் பிறகு எனக்குப் பகிடி வரவில்லை மகன். புயலில் கடலுக்குள் நின்றவன் நான், இப்போது உன் நம்பரிலிருந்து வேறொருவர் கதைப்பாரோ என்று பயப்படுகிறேன்.

அங்குள்ள டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல். அம்மாவிடம் நான் வாயே திறக்கவில்லை. மருதமடு மாதா உன்னைக் காப்பாற்றுவாள். ஞாயிறு பூசை முடிய மறக்காமல் அம்மாவுக்குப் போன் எடு. தன் கையால் காயவைத்ததைத் தின்றுதான் பிள்ளை நோயாளியானான் என்று ஒவ்வொரு செபத்திலும் அழுகிறாள். அது பொய்யென்று நீதான் அவளுக்குச் சொல்ல வேணும்.

உன் அப்பா,
அமிர்தநாயகம்