எதிர்பாராதவை என்னும் உண்டியல்

ஹோர்ன், ஜனவரி 27

அன்பு மகள் யோரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை ஈவனும் வயிற்றில் இருக்கும் சின்ன உயிரும் நலம் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் கணக்குப்படி 2051 வரை நலமாகவே இருப்போம், அதற்குப் பிறகு ஆகும் செலவுக்கும் பணம் ஒதுக்கியாகிவிட்டது. போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், இதில் அவர் காதில் விழக்கூடாத ஒன்று இருக்கிறது.

இங்கே பத்து நாளாகப் பனிமூட்டம். துறைமுகம் எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை, படகுகளின் பாய்மரங்கள் மட்டும் வெள்ளைக்குள் நிற்கின்றன. பட்டாணி சூப் வைத்துவிட்டு மாடியைப் பார்த்துக் கூப்பிட்டால் 'இரு, 2038ல இருக்கேன், வந்துடறேன்' என்று அப்பாவின் குரல் வரும். அந்தக் கணக்கு மென்பொருளின் முன்னால்தான் மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். நீ இங்கிருந்தபோது அதில் செலவுக்கு ஒன்றாக ஒன்பது உண்டியல்கள் இருந்தன, இப்போது நாற்பத்திமூன்று. பென்ஷன் வந்து விழுந்ததும் பணம் தானாகப் பிரிந்து கூரைக்கு, சைக்கிளுக்கு, புயலுக்கு, பல்லுக்கு என்று சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. திரையின் மேலே, வருடா வருடம் கையிருப்பைக் காட்டும் ஒரு நீலக்கோடு எங்கள் வாழ்க்கையைத் தாண்டி ஓடுகிறது. ஒருநாள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்த வருடங்களில் யாருக்கும் குளிரவில்லை, கூரை புதியது, மழை கூட முன்கூட்டியே செலவு எழுதப்பட்டுப் பெய்கிறது. அன்றிரவு நான் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து போவதாகக் கனவு, கீழே உண்டியல்கள் விளக்குப் போல எரிந்தன, ஒன்றுக்குள் உங்கள் ஊர்க் கடல் இருந்தது, மூடி திறக்கவில்லை.

உங்களிடம் வந்துபோக நியூசிலாந்து என்று ஓர் உண்டியல் நிஜமாகவே இருக்கிறது. அது அடுத்த வருடம் அக்டோபரில் நிறையும் என்று திரை சொல்கிறது. உனக்கோ இந்த மார்ச் கடைசியில் பிரசவம். நான் கேட்டது கைக்குழந்தையை, மென்பொருள் எனக்கு ஒதுக்கியது ஓடித் திரியும் பேரக்குழந்தையை. ஓர் உண்டியலின் பணத்தை இன்னொன்றுக்கு எடுக்கக்கூடாது என்ற அப்பாவின் சட்டம் உனக்குத் தெரியும். ஆர்டென் மலைக்குப் போனபோது உல்லாசப் பயண உண்டியல் நிறைந்திருந்தும், சாப்பாட்டு உண்டியல் காலி என்று கடைசி இரண்டு நாள் நம்மை வெறும் ரொட்டியிலேயே ஓட்டினாரே.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, எதிர்பாராதவை. இருபத்திரண்டு வருடமாக மாதாமாதம் பணம் விழுகிறது, ஒருமுறை கூட எடுத்ததில்லை, ஏனென்றால் அப்பா எதிர்பாராதது எதுவும் இந்த வீட்டில் நடந்ததில்லை. துணி துவைக்கும் இயந்திரம் அவர் சொன்ன வருடத்திலேயே செத்தது. பேரி மரத்தில் இடி விழுந்தபோது இரண்டு நாள் யோசித்துவிட்டு, வானிலை அறிக்கையில் சொல்லியிருந்தார்கள் என்று புயல் கணக்கில் எழுதினார். பக்கத்து வீட்டுக் கோரி காபி குடிக்க வந்தவள் கேட்டே விட்டாள், 'ஏன் ஹார்மன், நீ செத்தாக்கூட அது எதிர்பாராததுல வராதா?' என்று. அப்பா முகம் மாறாமல் 'அதுக்குத் தனியா இருக்கு கோரி, போன வருஷமே நிறைஞ்சுடுச்சு' என்றார். அவளுக்கு பிஸ்கட் இறங்கவில்லை.

நான் கிறிஸ்துமஸ் முடிந்ததும், பிரசவத்துக்குப் போக அதிலிருந்து எடுக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். 'என்ன டினேக் பேசறே, ஒம்பது மாசம் முன்னாடியே சொல்லிட்டு வர்ற விஷயம் இது, இதைவிட ஒழுங்கா நோட்டீஸ் குடுத்துட்டு வர்றது உலகத்துல வேற என்ன இருக்கு?' என்றார். கல் நெஞ்சு என்று நினைத்துவிடாதே. குழந்தை பிறந்ததும் தெருவுக்கெல்லாம் கொடுக்க, ரஸ்க்கில் வெண்ணெய் தடவிச் சோம்பு மிட்டாய் தூவ, பதினெட்டு யூரோவுக்குத் தனி உண்டியல் போட்டவர் அவர்தான். அது நவம்பரிலேயே நிறைந்துவிட்டது, அவ்வப்போது திறந்து பார்த்துக்கொள்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் புத்தகம் மாற்றப் போனேன். பனியில் தெருவே இல்லை, நான் எங்கே போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாதது போல இருந்தது. அங்கிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, எங்கள் கூட்டுக் கணக்கிலிருந்து, மார்ச் 14க்கு ஒரு டிக்கெட் வாங்கிவிட்டேன். ஆக்லாந்து வழியாக உங்கள் டுனீடின். திரும்பி வந்து உருளைக்கிழங்கு தோலுரித்தேன். மறுநாள் காலை வங்கியிலிருந்து அந்தத் தொகை மென்பொருளுக்குள் வந்து, எந்த உண்டியல் என்று கேட்டுக்கொண்டு நின்றது. அப்பா மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். 'டினேக், இது யாரோ திருடன் பண்ணின வேலை' என்றார். 'திருடனுக்கு டுனீடின்ல மக இருக்காளா? நான்தான் வாங்கினேன்' என்றேன். 'என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?' என்றார். 'சொன்னா வேண்டாம்பீங்க' என்றேன். சண்டைக்குத் தேவையானதெல்லாம் முந்தின இரவே யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் செலவாகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், நான் யாரென்று யோசிப்பவர் போல என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, 'முப்பத்தெட்டு வருஷத்துல இதை மட்டும் நான் நினைச்சே பார்க்கல' என்று சொல்லி, ஒற்றை விரலால் ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தட்டினார்: எதிர்பாராதவை.

ஆகவே வருகிறேன். கம்பளிக் காலுறைகள் மூன்று ஜோடி பின்னியாகிவிட்டது, நம் ஊர்க் கறுப்பு அதிமதுர மிட்டாயில் உனக்கு எது வேண்டும் என்று எழுது. இரும்புச் சத்து மாத்திரையை விடாதே, ஏணியில் ஏறாதே, ஈவனைச் சமைக்க விடு, உப்புக் கூடினாலும் சாப்பிடு.

இப்போது அந்த விஷயம். அந்த உண்டியலில் இன்னொரு டிக்கெட்டுக்கும் பணம் இருக்கிறது. புதன்கிழமையிலிருந்து அப்பா மாடிக்குப் போவதில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்க்கிறார். நேற்று, பேச்சோடு பேச்சாக, டுனீடினில் மார்ச்சில் தொப்பி தேவைப்படுமா என்று கேட்டார், கேட்ட உடனே, 'சும்மா கேட்டேன், நான் எதையும் எதிர்பார்க்கல' என்று அவசரமாகச் சொன்னார். நாளைக்கு மறுபடியும் நூலகத்துக்குப் போகிறேன்.

பெற்றவள் ஆசி உன்னை நல்லபடியாகப் பிரசவிக்க வைக்கும், தைரியமாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, போனில் அப்பாவிடம் நீங்களும் வருகிறீர்களா என்று வாய்தவறியும் கேட்டுவிடாதே. கட்டிலை இரண்டு பேருக்கு விரித்து வை.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா டினேக்