ஓடைக்கரையில் ஒரு கீறல்

12 நவம்பர் 1961, ஞாயிறு
இன்றும் கனவில் ஓடைக்கரை மெல்ல நகர்ந்தது. தேவாலய மணிக்கு விழித்தபோது வெளியே மழை. போன மார்கழியில், பொங்கலுக்கு வீடு மெழுகச் செம்மண் அள்ளப் போன சண்முகத்தாய்மேல் அந்தக் கரைதான் சரிந்தது. பிணமாகத்தான் எடுத்தார்கள். இந்த மார்கழியிலும் ஊர்ப் பெண்கள் அதே இடத்தில்தான் அடியைக் குடையப் போகிறார்கள். எப்படித் தடுப்பேன்?

19 நவம்பர்
பள்ளிக்கூடத்தில் பெண்களைக் கூட்டிச் சொன்னேன். ஈர மண் கனக்கும். அடியைக் குடைந்தால் மேலே இருப்பதற்குப் பிடிமானம் இல்லை. சரியுமுன் மேட்டில் கீறல் விடும். சண்முகத்தாயின் தங்கை தங்கத்தாய், "மண்ணு அள்ள இம்புட்டுப் பாடமா டீச்சர்? நல்ல மண்ணு அடியிலதான இருக்கு" என்றாள். ஒரே சிரிப்பு. எனக்கு வந்ததே கோபம்!

3 டிசம்பர்
சிவகாசி அச்சாபீசில் படம் போடும் என் தம்பி மாணிக்கராஜ் நூறு தாள் அடித்துத் தந்தான். கரை, மேலே கீறல், அடியில் மண் அள்ளும் பெண், கீழே என் எச்சரிக்கை. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பட்டுச்சேலை, அகலக் கண், மூக்குத்தி! "சாமி காலண்டர் போட்டே பழகுன கை, அக்கா" என்றான்.

10 டிசம்பர்
தங்கத்தாய் வீட்டில் நான் கொடுத்த படத்துக்குச் சந்தனம், குங்குமம், பூ. "இருக்கன்குடியில ஆத்தா செலை மண்ணுக்குள்ளருந்து வந்த மாதிரி, இங்கயும் வாரா பாருங்க டீச்சர்!" எழுத்தை உள்ளே மடித்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

17 டிசம்பர்
மழை. படத்தைத் திருப்பிக் கேட்க மனசு வரவில்லை.

7 ஜனவரி 1962
மண் அள்ளப் போய்விட்டார்கள் என்று கேட்டு ஓடினேன். எல்லாரும் வெறுங்கூடையோடு தள்ளி நின்றார்கள். மேட்டில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறல்.
"படத்துல ஆத்தா தலைக்கு மேல இருக்குற அதே கோடு டீச்சர். இங்கனதான் வரப்போறா. கிட்டப் போகாதீக" என்றாள் தங்கத்தாய்.
திருத்தலாமென்று வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். திருத்தாமல் விட்டது பொய்யா? ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை.

12 ஜனவரி
நேற்று மத்தியானம் கரை சரிந்தது. கீழே யாரும் இல்லை.
சாயங்காலம் தங்கத்தாய் வந்தாள். வாசலிலேயே நின்றாள். "ஆத்தாளக் காணல டீச்சர். வெறும் மண்ணுதான் கெடக்கு." பிறகு மெதுவாக, "அந்தக் கோடு மட்டும் எப்படி முன்னாடியே விழுந்துச்சு? அன்னைக்கு என்னமோ சொன்னீகளே. எங்க அக்கா செத்தன்னைக்கும் அது விழுந்திருக்குமோ?"
உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். கொல்லையிலிருந்து ஒரு கூடை ஈரமண் எடுத்துவந்து, அவள் முன்னால் கரைபோலக் குவித்தேன்.