ஏலக் குரலும் ஒரு குழு விவாதமும்

இன்று மதியம் அலுவலகத்தில் யாரோ மைக்ரோவேவில் மீன் குழம்பைச் சூடு பண்ணிவிட்டார்கள். வாசனை ஏசி காற்றோடு சேர்ந்து தளம் முழுக்கப் பரவியது. இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இனி இங்கே மீன் சூடு பண்ணக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டச் சொல்லி ஒருவர் என்னிடம் வந்து நின்றார். ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவளிடம்தான் இந்த மாதிரிப் புகார்களும் வரும். பார்க்கலாம் என்றேன். ஒட்டப் போவதில்லை. அது காலா மீன், புளி கொஞ்சம் தூக்கல். நீ இருந்திருந்தால், எந்தப் படகில் வந்த மீன் என்பது வரைக்கும் அளந்திருப்பாய்.

நீ போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இல்லாதவளுக்கு மடல் எழுதுவது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மீன் வாசனை வந்தால் எனக்கு நம் கல்லூரியின் கடைசி வருடம் வந்துவிடுகிறது. நாம் ஜி.டி. ஜி.டி. என்று அலைந்தோமே, அந்தக் குழு விவாதப் பயிற்சி.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், பல கல்லூரிப் பிள்ளைகளையும் சேர்த்து வைத்து ஒரு கம்பெனி ஆள் எடுக்கப் போகிறது என்று சொன்னார்கள். எழுத்துத் தேர்வில் தேறியவர்களை வட்டமாக உட்கார வைத்து, ஒரு தலைப்பைக் கொடுத்து, ஆங்கிலத்தில் பேசவிடுவார்கள். மூலையில் இருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்வார்கள். வட்டத்துக்கு ஓரிருவர் தேறினால் அதிகம்.

உனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். கடல் ஊருக்குள் வந்த வருடத்துக்குப் பிறகு உன் அப்பா படகு ஏறவே இல்லை. தம்பி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தான். உனக்கு வேலை கிடைத்தால் அவன் கல்லூரிக்குப் போவான், கிடைக்காவிட்டால் மாமாவின் படகுக்கு. இதை உன் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் வேலை வேண்டும்தான். ஆனால் விழிதியூரில் எங்கள் வீட்டில் என் சம்பளத்தை நம்பி யாரும் உலை வைக்கவில்லை.

பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். முதலில் பேசுபவருக்குத் தனி மதிப்பெண் உண்டு என்று அவர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், தலைப்பைச் சொல்லி வாய் மூடுவதற்குள் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். அதுவும் ஒரே வரி, ஒரே புத்தகத்தில் மனப்பாடம் பண்ணியது. பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி இருந்தது.

உன் கோளாறு வேறு. உன் குரல் உங்கள் ஊர், காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்கு அளவெடுத்துத் தைத்த குரல், வகுப்பறை அதற்குப் போதவில்லை. அதைவிட ஒன்று, யார் என்ன சொன்னாலும் அதை ஒரு முறை நீ திருப்பிச் சொன்னாய். ஒருவன் வேலையில்லாத் திண்டாட்டம் என்பான். நீயும் அதையே இன்னும் உரக்கச் சொல்லிவிட்டு அடுத்தவன் முகத்தைப் பார்ப்பாய். அவன் ஒன்று சொல்வான், அதையும் திருப்பிச் சொல்வாய். சொந்தமாக எப்போது வாயைத் திறக்கப் போகிறாய் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. பயிற்சிக்காரர் மேசையைத் தட்டி, "இதென்ன மீன் மார்க்கெட்டா?" என்றார்.

எல்லா வாத்தியார்களும் சொல்கிற வார்த்தைதான். நீ எந்த ஊர் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். நீ சிரித்தாய். ஆனால் அடுத்த வகுப்புக்கு வரவில்லை.

உன்னைத் தேடிக்கொண்டு காலையில் முதல் பஸ் பிடித்து காரைக்கால்மேட்டுக்கு வந்தேன். படகுகள் வந்திருந்தன. உன் அம்மா ஏலம் கூறிக்கொண்டிருந்தார். நான் அதுவரை ஏலத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை, ஒரே கூச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கூச்சலே இல்லை. கேட்பவர்கள் முணுமுணுப்பதோடு சரி, சிலர் தலையை மட்டும் ஆட்டினார்கள். ஒவ்வொரு விலை விழுந்ததும் உன் அம்மா அதை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுச் சுற்றி நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம்தான் அடுத்த விலை. சின்ன வயதிலிருந்து அம்மா பக்கத்தில் நின்றே வளர்ந்தவள் நீ. உன் வியாதிக்குக் காரணம் எனக்குப் புரிந்துபோயிற்று.

ஏன் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் நின்ற உன்னிடம் கேட்டேன். என்னை ஒரு மக்கு மாதிரி பார்த்தாய்.

"கடைசில நிக்கிறவளுக்குக் காத்து சத்தத்துல கேக்காதுல்லடி. கேக்கலன்னா அவ எப்புடி மேல கேப்பா?"

இதையே விவாதத்திலும் செய், விட்டுவிடாதே, ஆனால் குரலைப் பாதியாக்கு என்றேன். உனக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கும் முழுசாக வரவில்லை, சும்மா அடித்துவிட்டேன். அன்றிலிருந்து, ஏலம் முடிந்து கழுவிவிட்ட கொட்டகையில் மாலை நேரத்தில் நாம் இருவரும் உட்கார்ந்து பயிற்சி செய்தோம். இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து என்ன குழு விவாதம்? ஆளுக்கு நாலு பேராக மாறி மாறிப் பேசினோம். ஆங்கிலச் செய்தித்தாளில் வந்த தலையங்கத்தை நான் வாசிப்பேன், நீ அதை உன் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வாய். நான் உளறினால், "வெல ஏறலடி, வேற சொல்லு" என்பாய். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்கள் இந்தப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்ப்பார்கள். உன் குரல் மெல்ல மெல்ல அறைக்குள் அடங்கும் குரலாயிற்று. அதுதான் உனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

கம்பெனி ஆள் எடுத்த அன்று நம் இருவரையும் ஒரே வட்டத்தில் போட்டுவிட்டார்கள். சில்லறை வியாபாரத்தில் பெரிய கம்பெனிகளை விடலாமா என்பது தலைப்பு. வழக்கம்போல எல்லோரும் ஒன்றாக ஆரம்பித்தார்கள். நான் மூன்றாவதாகப் புகுந்து, கொட்டகையில் படித்ததையெல்லாம் தங்கு தடையில்லாமல் கொட்டினேன். நன்றாகவே பேசினேன், இப்போது நினைத்தாலும் அதில் குறை சொல்ல மாட்டேன். நீ மட்டும் வாய் திறக்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. உன் தம்பிதான் என் கண் முன்னால் வந்தான். பேசித் தொலையேன்டி என்று உள்ளுக்குள் கத்தினேன்.

உனக்கு எதிரே நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். ஏதோ சொல்ல வாயெடுப்பாள், பக்கத்தில் இருப்பவன் அதன் மேலேயே பேசிக்கொண்டு போவான். மூன்றாம் முறையும் அப்படியே ஆனது. அப்போது நீ கையை லேசாக உயர்த்தி, ஆங்கிலத்தில், தப்பும் தவறுமாக ஆனால் நிதானமாகச் சொன்னாய்: இவர் சொன்னது உங்கள் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன், சந்தையில் விற்காமல் போகும் காய்கறியை யார் தலையில் கட்டுவது என்று கேட்கிறார், மிச்சத்தை அவரே சொல்லட்டும்.

அந்தப் பெண் சொன்னாள். அவள் அப்பா தக்காளி போடுகிறவர் போலிருக்கிறது, நாங்கள் யாரும் சொல்லாததைச் சொன்னாள். நீ அதையும் ஒரு வரியில் திருப்பிச் சொல்லி, அதற்கு முன் பேசியவனுடைய பேச்சோடு வைத்துக் காட்டி, இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று கேட்டாய். அப்புறம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாய். கடைசி வரை விவாதம் உன் கையில்தான் இருந்தது. மூலையில் இருந்தவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் கூடத்தில் எல்லோரையும் நிற்க வைத்துப் பெயர் வாசித்தார்கள். நம் வட்டத்தில் உன் பெயர் வந்தது, அந்த நாமக்கல் பெண்ணின் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. காரைக்கால் வரும் வரை பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். நீ ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பஸ் ஸ்டாண்டில் உன் அம்மா காத்துக்கொண்டு நின்றார். இறங்கினதும் இறங்காததுமாக என்னாச்சு என்று கேட்டார்.

"இன்னும் சொல்லலம்மா. லெட்டர் போடுவாங்களாம்."

அப்படியே சொன்னாய், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். உன் அம்மா சரி என்றார், மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, விழிதியூர் பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டுத்தான் நீங்கள் இருவரும் நகர்ந்தீர்கள். அப்போது உன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாளா இவள் என்று.

எனக்கு அடுத்த வருடம் வேறு இடத்தில் வேலை கிடைத்தது. உன் தம்பி படித்து முடித்தான். நீ சென்னையில் பெரிய ஆளாகிவிட்டாய், போனில் மட்டும் பழைய கடற்கரைக் குரல். அப்புறம் உடம்புக்கு வந்தது, ஒரு மழைக்காலத்தோடு முடிந்தும் போயிற்று. இதை நீட்டி எழுத எனக்கு இஷ்டமில்லை.

உன் காரியத்துக்கு நான் வந்திருந்தபோது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பஸ் ஸ்டாண்ட் பேச்சு அவராகவே எடுத்ததுதான்.

"கெடச்சிருச்சுன்னு அவ மூஞ்சப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு புள்ள. பக்கத்துல ஒன் மூஞ்சியும் தெரிஞ்சிது. அதான் நான் மேல கேக்கல. ஒன் பஸ்ஸு திரும்புனப்பொறம் ரெண்டு பேரும் அங்கனயே கட்டிப்புடிச்சி அழுதோம்."

எங்கள் கம்பெனியில் முடிவைச் சொல்லும் வேலை இப்போது என்னுடையது. கூடத்தில் நிற்க வைத்துப் பெயர் வாசிப்பதில்லை நான். கிடைக்காதவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசி அனுப்பும் வரை, கிடைத்தவர்களை வேறு அறையில் காக்க வைக்கிறேன். பாதி நாள் இதிலேயே போகிறது என்று மேலே இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். காக்க வைத்தவர்களும் கதவைத் தட்டித் தட்டி, எப்போது சொல்வீர்கள் என்று கேட்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், மற்றவர்கள் பஸ் ஏறட்டும் என்கிறேன்.