கறுப்புத் திரையில் வெள்ளைப் புகை

அண்ணா,

மருமகன் அட்டனிலிருந்து பெரிய டீவி ஒன்று கொண்டுவந்து எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். நேற்று படம் முடிந்து கறுப்புத் திரையில் பெயர்கள் ஏறும்போது, ஒவ்வொரு வெள்ளை எழுத்தையும் சுற்றிப் புகை மாதிரி வெளிச்சம் நின்றது. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தக் காலத்தில் பங்களாவில் தோட்டத்துத் துரை வாங்கிய டீவியிலும் இதுதான். எனக்கு அங்கே குசினியில் சமையல் வேலை. நீ டவுன் கடையில் டீவி திருத்துகிறவன். டிஷ் வயர் மாற்ற உன்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நீ என் அண்ணன் என்று துரையின் பெண்சாதி துரைசாணிக்குத் தெரியாது. வயரை மாட்டிப் படம் போட்டதும் அந்தப் புகை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"நீ என்னமோ பண்ணிட்டே. இது முன்னே இல்லையே."

"பழுது இல்லைங்க தொரசாணி," என்றாய். தேத்தண்ணித் தட்டோடு நின்ற எனக்கும் விளங்கியது. "திரைக்குப் பின்னால லைட்டுங்க பாத்தி பாத்தியா இருக்கு. படத்துல இருட்டா இருக்கிற பாத்திக்கு மட்டும் லைட்டைக் குறைச்சிடும். அதனாலதான் கறுப்பு நல்ல கறுப்பா தெரியுது. ஆனா பாத்தி பெருசு, எழுத்து சின்னது. எழுத்துக்காக எரியிற லைட்டு பக்கத்துலயும் கசியுதுங்க."

ரிமோட்டில் அதை நிறுத்தியும் காட்டினாய். புகை போனது. கறுப்பெல்லாம் சாம்பல் பூத்தது.

"இன்னும் கெடுத்துட்டே," என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீதானே தினம் தொடைக்கிறே. முன்னே இப்படி இருந்துச்சா?"

இருந்தது. டீவி வந்த வாரமே பார்த்தேன்.

"நான் கவனிக்கலைங்க," என்றேன்.

பங்களா வேலை போனால் மறுபடியும் கொழுந்துக் கூடையோடு மலை ஏற வேண்டும். அவ்வளவுதான் அண்ணா. வேறு பெரிய காரணம் ஏதும் இருக்குமா என்று தேடிப் பார்த்தேன், இல்லை.

"ஏ புள்ள, நெசத்த சொல்லு," என்று நீ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாமானைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரிங்க," என்று பின்வாசலால் போனாய்.

துரை கடைக்குப் போன் பண்ணினார். உன்னை நிறுத்திவிட்டார்கள். "பங்களா டீவியையே பொசுக்கினவன்ப்பா" என்று பஜாரில் சிரித்தார்கள். ஒருவரும் உன்னிடம் திருத்த டீவி செட் தரவில்லை. வீட்டில் நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பங்களாவிலிருந்து நான் கொண்டுவந்த மீன் குழம்பைத்தான் தொடாமல் விட்டாய். பிறகு கொழும்புக்குப் போய்க் கூரை கூரையாக ஏறி அன்டனா கட்டினாய். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்தாய்.

கொழும்பிலிருந்து உன் பெட்டி வந்த அன்று துரைசாணியிடம் லீவு கேட்டேன்.

"யார் செத்தது?"

"தூரத்துச் சொந்தங்க."

"அப்ப அரை நாள் போதும்தானே."

"போதுங்க."

உன்னைத் தூக்கிப் போனவர்கள் திரும்புவதற்குள் தலைமுழுகிவிட்டுப் பங்களாவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

துரைசாணி தோட்டத்தைவிட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. நீ யார் என்று இப்போது யார் கேட்டாலும், கூடப்பிறந்த அண்ணன் என்று சொல்ல வாயில் வைத்திருக்கிறேன். கேட்கத்தான் ஒருவரும் இல்லை.