ஜன்னல் வழியே வந்த தீ

அன்பு மகள் சின்னுவுக்கு,

அப்பாவும் நானும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் நன்றாக இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி நீ பதறாமல் படிக்கலாம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் நம் படுக்கையறை தீப்பிடித்துக்கொண்டது. நாங்கள் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், கருகல் வாடை அடித்தது, அடுப்பில்தான் ஏதோ என்று எழுந்தால் அந்த அறைக் கதவிடுக்கில் புகை. தலையணை, மெத்தை, திரை எல்லாம் எரிகிறது. மாடி வீட்டு டீச்சரும் நாங்களும் வாளி வாளியாக ஊற்றினோம், மீதியைத் தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. அப்பா தெருவில் நின்றுகொண்டு, "உன் இஸ்திரிப் பெட்டிதான், தைக்கிறேன் தைக்கிறேன்னு வீட்டையே கொளுத்திட்டியே" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அன்றைக்கு நான் அதைத் தொடவே இல்லை, பொத்தான் மட்டும்தான் தைத்தேன், சொன்னால் யார் கேட்கிறார்கள்.

வந்த தீயணைப்பு அதிகாரி ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும். ஜன்னல் திட்டிலிருந்து அப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்தாள், முகத்தைப் பெரிசாகக் காட்டுமே, அந்த வட்டக் கண்ணாடி. "இதுதாங்க. வெயில் இதுல பட்டு ஒரே இடத்துல, தலையணை மேல குவிஞ்சிருக்கு" என்றாள். அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கரியைத் துடைத்து, வாசலில் வெயிலுக்கு நேராகப் பிடித்து, என் கருப்புத் துணித் துண்டைக் குச்சியில் மாட்டி எதிரில் காட்டினாள். துணியில் புகை கிளம்பியது சின்னு!

அன்று டீச்சர் வீட்டில்தான் படுத்தோம். அவர் சொன்னதைக் கேட்டு இருந்த தூக்கமும் போயிற்று. சூரியனுக்குள் பத்து லட்சம் பூமிக்கு மேலேயே அடங்குமாம். அது கொட்டுகிற வெப்பத்தில் இருநூறு கோடியில் ஒரு பங்குகூட இந்தப் பூமிக்கு வருவதில்லையாம். அந்தத் துளியில் ஒரு துளி நம் ஜன்னலுக்குள் வந்து, அப்பாவின் உள்ளங்கை அகலக் கண்ணாடியில் பட்டதற்கே இந்தப் பாடு. இந்தச் சூரியனே தூசி என்கிற அளவுக்குப் பெரிய நட்சத்திரங்களும் உண்டாம், "போதும் டீச்சர், விட்டுடுங்க" என்றேன்.

பதினைந்து கோடி கிலோமீட்டர் தாண்டி அந்த வெளிச்சம் இங்கே வர எட்டு நிமிஷம் ஆகுமாம். அதைக் கேட்டதும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் தெரியுமா, சாப்பிடக் கூப்பிட்டபோது அவர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு அந்தத் தலையணையில்தான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கூப்பிட்டும் எழவில்லை, கோபத்தில் பேப்பரைப் பிடுங்கித்தான் எழுப்பினேன். அவர் முனகிக்கொண்டே கை கழுவிய நேரத்தில், அந்தத் தீ சூரியனிலிருந்து கிளம்பிப் பாதி வழி வந்திருக்கும்.

உன் வீட்டு ஜன்னலோரம் கண்ணாடி, தண்ணீர் நிரப்பிய ஜாடி என்று வெயிலைக் குவிக்கிற எது இருந்தாலும் இப்போதே எடுத்து உள்ளே வை, எடுத்துவிட்டேன் என்று போன் பண்ணு. நீங்கள் இருவரும் நூறு வயசு நோய் நொடியில்லாமல் வாழ வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா